சோற்றுக்கைப் பக்கம்

முப்பத்தொன்பது டொலர். தபால்செலவு இலவசம்.
கடையில் கேட்டால் நானூறு.
பெம்பினா வீதி பஸ்ஸில்
கையுறையைப் பல்லால் கழற்றி
ஒற்றை விரலால் தட்டினேன்:
மைனஸ் ஒன்றேகால், மைனஸ் நாலரை.
டொக்டர் தந்த சீட்டில் ஓடி, ஓஎஸ்.
திரையில் வலது, இடது.
ஓடியில் ஒரு டி இருக்கிறது,
இடதிலும் ஒரு ட இருக்கிறது,
அப்போது அதுதான் என்றது மனம்.
அடுத்த தரிப்பில் இறங்க வேண்டும்.
மனத்தை நம்பினேன்.

பெட்டி வந்த அன்று வினிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
மாட்டினேன்.
சமையலறைத் தரை வாசல் பக்கம் சரிந்தது.
படிகளில் ஒன்று என்னிடம் வந்தது,
அடுத்தது பின்வாங்கியது.
எதிரே வந்த ஒரே பஸ்
ஒரு கண்ணுக்குத் தீப்பெட்டி,
மற்றதற்கு நனைந்த மெத்தை.

தொலைபேசியில் இருபது நிமிடம் சங்கீதம்.
பிறகு ஒரு குரல்:
இரண்டு கிழமை போடுங்கள், பழகிவிடும்.

இந்தச் சொல் எனக்குத் தெரிந்த சொல்.
விமான நிலைய வாசலில்
மூக்குமயிர் உறைந்தபோது மச்சாள் சொன்னது.
இரவு வேலைக்குப் போன முதல் கிழமை
நானே எனக்குச் சொன்னது.
கல்கரிக்குப் போனவர் திரும்பி வராத மாதம்
கோயிலில் மூன்று பேர்,
பிரசாதத் தட்டோடு நின்று சொன்னது.
எல்லாம் பழகித்தான் கிடக்கிறது.
ஆகவே கண்ணைக் குறை சொன்னேன்.

பாத்திரச் சவர்க்காரத்தில் கழுவினேன்.
மூக்குத் தாங்கியை நெருக்கினேன், அகட்டினேன்.
மகனின் அடிமட்டத்தைப் புருவத்தில் வைத்துக்
கருமணிக்குக் கருமணி அளந்தேன்.
அறுபத்திரண்டு. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.
ஒரு கண்ணைப் பொத்தினேன், மறு கண்ணைப் பொத்தினேன்.
குளியலறைக் கண்ணாடிக்குள்
கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றவள்
ஒவ்வொரு முறையும் மாற்றுக் கண்ணைப் பொத்தினாள்.
அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பத்தாம் நாள்
பார்க்கா ஒன்றின் சிப் அரை விரல் கோணிப்போயிற்று.
ஒன்பது வருடத்தில்
இடத்துண்டை வலத்துண்டென்று தைத்தவளில்லை நான்.
மரிவிக் ஒன்றும் கேட்கவில்லை.
தையலைப் பிரித்துத் தந்து
மெஷினில் ஒரு தலையிடி மாத்திரை வைத்துப் போனாள்.

பன்னிரண்டாம் இரவு
கூரையில் புகை அலாரம் பற்றரி தீர்ந்து கீச்சிட்டது.
இருட்டில் தடவி எடுத்ததில்
தலைகீழாய் மாட்டிக்கொண்டேன்.
காதுக்கு மேல் கொம்பாய்க் காம்புகள்.
மூக்கில் நிற்காமல் வழுக்கியது,
கையால் பிடித்துக்கொண்டேன்.

ஜன்னல்.
தெருவிளக்கடியில் பனி
ஒவ்வொன்றாய் விழுந்துகொண்டிருந்தது.
எதிர்வீட்டு வானின் இலக்கத் தகடு,
கடைசி எழுத்து வரை.
தரை தரையாகக் கிடந்தது.

துவாரகன் எழும்பி வந்து சிரித்தான். படமும் எடுத்தான்.
எடுக்கட்டும்.
அலாரம் கீச்சிடக் கீச்சிட, கொம்புகளோடு
சீட்டைத் தேடி விளக்கடியில் விரித்தேன்.
ஓடி என்றால் வலதாம். லத்தீனாம்.
அவன்தான் தேடிச் சொன்னான்.
பன்னிரண்டு நாளாய் ஒரு கண்ணின் பாரத்தை
மறு கண் தூக்கியிருக்கிறது.
அதையும் பழக்கம் என்று மெச்சியிருக்கிறேன்.

காலையில் அழைத்தேன். வேறொரு குரல்.
இன்னும் இரண்டு நாள் பொறுத்து, என்று தொடங்கினாள்.
இல்லை, பழகாது என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது.
அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்று
மறுபடி தொடங்கியது.
எந்தக் கண்ணுக்கு எது, ஒருமுறை சொல்லுங்கள் என்றாள்.

சோற்றுக்கையைத் தூக்கிப் பார்த்தேன்.
நகக்கண்ணில் நேற்றைய மஞ்சள்
இன்னும் போகவில்லை.
இந்தக் கைப் பக்கத்துக் கண்ணுக்கு, என்றேன்,
ஒன்றேகால்.